ஒண்ணும் அடிக்காத பாத்தி

அன்பு மகள் சுஜிதாவுக்கு, வடகரையில இருந்து அம்மா உலகம்மை சொல்லச் சொல்ல எழுதுன காயிதம். நாங்க சொகம். வயல்தான் சொகமில்ல.

போன்ல பேசலாம்னா, "மாமாவ வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுக்கச் சொல்லும்மா"ன்னு வச்சிருத. அதான் காயிதம். யாக்கூப்பு இன்னைக்கு தேங்கா லோடு ஏத்திக்கிட்டு உன் காலேசு இருக்க வாசுதேவநல்லூருக்குத்தான் வாரான், குடுத்துவிடுதேன். எழுதுதது யாருன்னா, மாடக்கண்ணு மாமா சம்சாரம், நம்ம அனுசியா அத்ததான். எனக்கு எழுதத் தெரிஞ்சா அவளப் புடிச்சு உக்கார வைப்பனா?

குத்தாலத்துல சாரல் பிச்சு ஊத்துது. உன் சித்தி வீட்டு ஆளுக வேன் புடிச்சு வந்தாக. அருவியில தண்ணி கூடிப்போச்சுன்னு போலீசு விடல. தலை நனையாம, நேந்திரங்கா சிப்ஸ மட்டும் வாங்கிட்டுப் போனாக. என்ன சொல்ல வந்தேன்? ஆங், சாரல்.

நெல்லுக்கு இந்தச் சாரல் ஆவல. குலைநோய் விழுந்துட்டு. உன் ஆராய்ச்சிக்குன்னு நம்ம வயல்ல நீ பிரிச்ச மூணு பாத்தியில, உன் உயிர்மருந்து தெளிச்சது பச்சையா நிக்கி. கடை மருந்து அடிச்சதும் தேவல. ஒண்ணும் அடிக்காத பாத்தியப் பாத்தாத்தான் வயிறு எரியுது. இலையெல்லாம் கண்ணு கண்ணா காஞ்சு கெடக்கு. அப்படி விட்டாத்தான் வித்தியாசம் தெரியும்னு நீ சொல்லிட்ட.

அந்தக் கண்ணு இப்ப மாமா வயல்லயும் விழுந்துட்டு. அவரு வயல் நமக்கு மேக்க. அவரு கடை மருந்து அடிச்சா, மேக்கத்திக் காத்து அத அப்படியே உன் பாத்தியில கொண்டு போடும், உன் கணக்கு கெட்டுரும்னுதான் பொறுத்துக்கிட்டு இருக்காரு. உன் பசுமைக்குடிலுக்குள்ள காத்து கெடையாது. இங்கன காத்தத் தவிர என்ன இருக்கு?

உங்கப்பா காத்த மறிக்கேன்னு என் சேலையெல்லாம் மேல்வரப்புல கட்டிவச்சாரு. காத்து திரும்புன நேரம் ஒண்ணு பறந்துபோயி மாமா மோட்டார்ல சுத்திக்கிட்டு. அத அவுத்துக் கொண்டாந்து, "மச்சான், உம்ம மவ ஒரு பாத்தியச் சாவவிட்டுப் பாக்கா, சரி. என் வயலையும் அதுல சேத்துட்டாளா?"ன்னு கேட்டாரு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. அதுலேருந்து உங்கப்பா வயலுக்குச் சுத்துவழியாப் போறாரு.

கதிர் வெளிய வார நேரம் தாயி. கழுத்துல நோய் விழுந்தா மணியே புடிக்காது.

அதனால, நாளைக்கு மொத பஸ்ஸுல வந்து இலையில நோய்ப் புள்ளிய எண்ணிக்கிட்டுப் போ. வெள்ளிக்கெழமைக்கு முன்கூட்டி எண்ணுனா உன் படிப்புக்கு ஆவுமா ஆவாதா, எனக்குத் தெரியாது. நீ வரலன்னாலும் நானே மாமாகிட்ட போயி, மருந்த அடிங்க அண்ணாச்சின்னு சொல்லிருவேன். இந்த எடத்துல உங்கத்த பேனாவ வச்சிட்டு, "வேண்டாம் மதினி, புள்ள படிப்பு, வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுப்போம்"ங்கா. கண்ணு கலங்கிருக்கு. நாந்தான் அதட்டி எழுத வச்சேன்.

இதுக்கு மேலயும் பொறுக்கச் சொல்ல எனக்கு வாய் வரல. கோவம்னா எம்மேல படு, அவுக மேல படாத. நீ நல்லாருப்ப. குடையெடுத்துக்கிட்டு வந்துரு தாயி.

உன் அம்மா,
உலகம்மை