அடுப்பை நூர்க்கச் சொன்ன மச்சாளுக்கு

மச்சாள்,

நேற்று எண்ணெய் வடிக்கிற கரண்டியைத் தேடி அலுமாரியைக் கிளறினால், கையில் அகப்பட்டது உங்களுடைய மெழுகுதிரிப் பெட்டி. மூன்று ஊதா, ஒரு றோஸ். பூச்சி உருண்டை மணம் மூக்கில் ஏறியது. அழுகை வரும் என்றுதான் நினைத்தேன், கோபம்தான் வந்தது. பலகார வேலை தலைக்கு மேல் கிடக்கிற நேரம் பார்த்து என்னை மறிப்பதற்கு உங்களை விட்டால் ஆளில்லை. செத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பாலன் பிறக்கிற நத்தாருக்கு முந்திய வாரங்களில் குருநகரில் எல்லா வீட்டிலும் பெயின்ற் அடிப்பார்கள், குடில் கட்டுவார்கள், பாட்டுப் போடுவார்கள். எங்கள் வீட்டில் அவ்வளவும் நடக்கும். திருவருகைக் காலம் என்று ஞாயிறு மாலைகளில் உங்களுடைய கால்மணி நேரமும் நடக்க வேண்டும். விளக்குகளை அணைத்து, அந்த வாரத்துத் திரியை ஏற்றி, எல்லோரும் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அடுப்பையும் அணைக்கச் சொல்லி, நான் சிப்பிப் பலகாரம் பொரிக்கிற சட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பீர்கள்.

"அடுப்பை நூர், பிள்ளை."

"மா காயப்போகுது மச்சாள்!"

"காயட்டும். வாறவர் ஆறுதலாத்தான் வாறார். நீ ஏன் அந்தரப்படுறாய்?"

உங்கள் தம்பியைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் இதே பல்லவி. ஒரு வருடம் கேக் போறணைக்குள் வெந்துகொண்டிருந்தது, அதையும் நிறுத்தினீர்கள். நடுவில் குழிந்துபோன அந்தக் கேக்கை அயலுக்குக் கொடுத்து நான் பட்ட வெட்கம் உங்களுக்கென்ன தெரியும்? நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருப்பீர்கள். நான் உங்களை முறைத்துக்கொண்டு இருப்பேன்.

ஆவணியில் உங்களை அடக்கம் செய்தோம். கனடாவிலிருந்து மகன் குடும்பத்தோடு வருகிறான். இனியாவது மறிக்க ஆளில்லாமல் நிம்மதியாகப் பலகாரம் சுட வேண்டியதுதானே நான்? முதலாம் ஞாயிறு பொழுதுபட்டதும் கை தானாக அடுப்பை நூர்த்துவிட்டது. உங்கள் தம்பி பெயின்ற் வாளியோடு குசினிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, காஸ் முடிஞ்சுதோ?"

"மச்சாளின்ரை நேரம். வந்து இருங்கோ."

"அக்காவே இல்லை. இனி ஆருக்காண்டி?"

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அடுத்த ஞாயிறு மகளைக் கூப்பிட்டேன். குடிலுக்கு மின்குமிழ் தொடுத்துக்கொண்டே, "பிறகு இருப்பம் அம்மா" என்றாள். பிறகாம்! இவர்களை விட்டால் உங்களோடு சேர்த்து அந்தக் கால்மணி நேரத்தையும் புதைத்துவிடுவார்கள்.

நேற்று மூன்றாம் ஞாயிறு. உங்கள் பெட்டியைக் கண்ட பிறகு எனக்குப் பொறுமை இல்லை. நேரே போய் மெயின் சுவிச்சை இறக்கினேன். வீடு கும்மிருட்டு.

"அம்மா, உங்களுக்கென்ன விசரோ?" என்று மகள் கத்தினாள்.

"இருங்கோ ரெண்டு பேரும்! ஒரு சத்தம் வரப்படாது!"

நான் போட்ட சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். உங்கள் அமைதியை இப்படித்தான் காப்பாற்றினேன், மச்சாள். என்றாலும் இருந்தார்கள். மூன்றாம் ஞாயிறுக்குரிய றோஸ் திரியை ஏற்றினேன்.

அந்த நேரம் பார்த்துக் கரோல்காரர் மேளதாளத்தோடு வந்தார்கள். எங்கள் படலையடியில் மேளம் சட்டென்று நின்றது. நத்தார் தாத்தா வேஷம் போட்டிருந்தவர் பின்வீட்டு மீன் வியாபாரி. அவர் குரல்தான் கேட்டது: "செத்தவீடு நடந்த வீடெல்லே. லைற்றும் போடேல்லை. துக்கம் காக்கினம் போல. சத்தம் போடாமல் அங்காலை போவம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடுபட்டு இருத்தினால், இதைத் துக்கம் என்கிறார்களே! படலைக்கு ஓடினேன்.

"நில்லுங்கோ! துக்கமுமில்லை, ஒண்டுமில்லை. நாங்கள் காத்துக்கொண்டிருக்கிறம்!"

அவர் பஞ்சுத் தாடியைக் கீழே இழுத்துவிட்டுக் கேட்டார். "ஆருக்கு அக்கா?"

மறைக்கல்விக்குப் போகிற குழந்தைகூடச் சொல்லும் பதில். பாலனுக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மச்சாளுக்கு" என்று வந்துவிட்டது.

பின்னால் உங்கள் தம்பி வந்து என் தோளில் கை வைத்தார். "வா. நேரம் இன்னும் முடியேல்லை" என்றார். உள்ளே போய் இருந்தோம்.

பாலன் வருவார், வருடா வருடம் வருகிறவர்தானே. நீங்கள் வரமாட்டீர்கள். அது தெரிந்தும் என்னைக் காத்திருக்கப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறீர்களே, இது நியாயமா மச்சாள்?