ரப்பி சொல்ல, பாதிரியார் எழுத

1934 நவம்பர், வெள்ளி இரவு

பள்ளிக்கூடம் விட்டதும் நூலகத்தில் ஒரு ரப்பியின், அதாவது யூத மதகுருவின், வாழ்க்கையைப் படித்தேன். எழுநூறு வருஷத்துக்கு முன் ஸ்பெயினில் இருந்த மொழிபெயர்ப்பாளர். அவருக்கு லத்தீன் எழுத வராது. கூட வேலை செய்த பாதிரியாருக்கு அரபு தெரியாது. ரப்பி அரபு நூலைப் பார்த்து ஊர்ப்பேச்சில் சொல்லச் சொல்ல, பாதிரியார் லத்தீனில் எழுதிக்கொண்டே போனாராம்.

நானும் ஹக்கீம் சாயபுவும் செய்வது அதேதானே! மூன்று வருஷமாக அவர் பாரசீக வைத்திய நூலைப் படித்துச் சொல்கிறார், நான் தமிழில் எழுதுகிறேன். “ரெண்டும் அரைகுறைன்னு சிரிப்பாங்க, பொஸ்தகத்துல எம் பேரு வேணாம்” என்று பிடிவாதமாக இருந்தார்.

கச்சேரி ரோட்டில் அவர் வைத்தியசாலைக்கு ஓடியே போனேன்.

“இன்னா வாத்தியாரே, இப்படி மூச்சு வாங்குது? குந்துங்க மொதல்ல.”

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். “அவங்க எழுதின புத்தகத்தோட முதல் பக்கத்துல ரெண்டு பேர் பேரும் இருக்கு, சாயபு!”

தாடியை மெல்லத் தடவினார். “அப்படின்னா நம்ம பேரும் போட்டுடுங்க.”

நான் படியிறங்கும்போது கூப்பிட்டார். குரலில் ஒரு கூச்சம்.

“யாரு பேரு மொதல்ல கீது?”

பாதிரியார் பெயர்தான் முதலில் இருந்தது.

“ரப்பி பேருதான்” என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! நாளை மாலை மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், செய்த பாவங்களைச் சாமியாரிடம் ஒப்புக்கொள்ளவேண்டும். இந்தப் பொய்யை மட்டும் பாவக் கணக்கில் சேர்த்துச் சொல்லமாட்டேன்.