காருக்குள் ஒரு கரி டப்பா

தங்கச்சிமடம்
ஞாயிறு, பூசைக்குப் பிறகு

அன்புள்ள அனிட்டா அப்பாவுக்கு,

சேசுவின் தயவால் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு பிரெசில்லா எழுதுவது. வக்கீல் இந்த வாரம் அக்கரையில் இலங்கைச் சிறைக்கு வந்து உங்களைப் பார்க்கப் போகிறாராம். கடிதம் இருந்தால் கொடுங்கள் என்றார். அங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் உங்கள் கையில் தருவார்களாம். படிக்கட்டும். நான் காரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

மாமியை வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்கு ராமநாதபுரம் கூட்டிப்போகிறேன். முதலில் பஸ்ஸில்தான் போனோம். போகும்போது எப்படியோ போய்விடலாம். திரும்பும்போதுதான் உங்கள் அம்மாவால் நிற்க முடிவதில்லை. அதனால் உங்கள் பழைய காரை எடுத்தேன். கோயில் மைதானத்தில் நீங்கள் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தது இப்போது உதவுகிறது. பின்பக்க விளக்கு ஒன்றை உடைத்துவிட்டேன், கோபப்பட வேண்டாம்.

வண்டி ஓடியது, ஆனால் உள்ளே ஒரே பெட்ரோல் நாற்றம். பின்னால் பார்த்தால் கரும்புகை. பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் மாமி வாந்தி எடுத்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அதுதான் நடந்தது. அவர்கள் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிப்பேன். உச்சிப்புளியில் போலீஸ்காரர் நிறுத்தினார். புகைச் சான்றிதழ் காலாவதியாகி ரொம்ப நாளாகிவிட்டதாம். பின் சீட்டில் மாமி படுத்திருந்ததைப் பார்த்து விட்டுவிட்டார். அடுத்த தடவை வண்டி இங்கேயே நிற்கும் என்றார்.

ராமநாதபுரத்தில் புகை பார்க்கிற இடத்துக்குப் போனேன். சைலன்சரில் குழாயை விட்டுப் பார்த்தவர் தலையை ஆட்டினார். “பாஸாகாதுக்கா. புகையக் கொறைக்கிற சாமான் எதையோ கழட்டிப் போட்டிருக்காக. பானட்டத் தெறந்து பாக்கச் சொல்லுங்க” என்றார்.

பாம்பன் வாவு முகம்மது அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பானட்டைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தார். பிறகு, “தங்கச்சி, நான் போட் இஞ்சின் ஆளு. இந்தப் புகைச் சாமானெல்லாம் எனக்குப் பழக்கமில்ல. தெரியாம எதையும் புடுங்க மாட்டேன்” என்றார். வேறு யாரிடம் போவது என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, எந்தக் கொழா எங்கனருந்து எங்கன போகுதுன்னு மொதல்ல பாப்போம்” என்றார்.

அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் குனிந்து ஒவ்வொரு குழாயாக விரலால் தடவிக்கொண்டே போனோம். பேட்டரி, ரேடியேட்டர் வரை எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் உப்பும் எண்ணெயும் படிந்து ஒரே கறுப்பு. இஞ்சின் மேல் சிப்பியை மூடி வைத்தது மாதிரி வட்டமாக ஒன்று. ஓரத்தில், பால் டின் அளவில் ஒரு கறுப்பு டப்பா. தட்டினால் உள்ளே மணல் போலச் சரசரத்தது. பெட்ரோல் டாங்கிலிருந்து ஒரு குழாய் அதற்குள் போகிறது. வெளியே வரும் குழாய் எதிலும் சேராமல் தொங்கியது. நாற்றம் அங்கிருந்துதான்.

அண்ணன் படம் எடுத்து ராமநாதபுரத்தில் தனக்குத் தெரிந்த கார் மெக்கானிக்குக்கு அனுப்பிக் கேட்டார். அது கரி டப்பாவாம். டாங்கிலிருந்து வருகிற பெட்ரோல் ஆவியை உள்ளே இருக்கும் கரி பிடித்து வைக்குமாம். வண்டி ஓடும்போது இஞ்சின் அதை உறிஞ்சி எரித்துவிடுமாம். வட்டமானது, புகையில் கொஞ்சத்தை இஞ்சினுக்கே திருப்பிவிடுகிற வால்வு. அதில் அடைப்புதான், துடைத்தால் போதும் என்றார். காற்றழுத்தத்தை அளக்கிற மெல்லிய குழாய் ஒன்றும் வெடித்திருந்தது. கரும்புகை அதனால்தானாம்.

தொங்கிய குழாய் சேர வேண்டிய இடத்தையும் கண்டுபிடித்தோம். இஞ்சின் பக்கத்துக் குழாயின் வாயில் ஒரு போல்ட்டைச் சொருகி, வலை பின்னுகிற தங்கூசி நரம்பால் இறுக்கிக் கட்டியிருந்தது. நம் படகு போல்ட். அண்ணன் அதைப் பார்த்ததும், “இது பிரடெரிக் போட்ட கட்டுல்ல?” என்றார். எனக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. வலை கிழிந்தால் நீங்கள் அப்படித்தான் கட்டுவீர்கள், கடைசிச் சுற்றை உள்ளே இழுத்து. ஏன் அடைத்தீர்களோ, வண்டி ஏதாவது தொல்லை கொடுத்திருக்கும். நான் குறை சொல்லவில்லை.

அண்ணன் கத்தியை எடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். அறுக்க மனம் வரவில்லை. அவர் அவசரப்படுத்தாமல் டீ வாங்கப் போவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டார். பானட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நீங்கள் போனதிலிருந்து நான் அழவே இல்லை என்று உங்கள் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்கள். இனி அப்படிச் சொல்ல முடியாது. பிறகு அறுத்தேன்.

புதுக் குழாய் போட்டு டப்பாவையும் இஞ்சினையும் சேர்த்தோம். வெடித்த குழாயை மாற்றி, வால்வையும் துடைத்தோம். இப்போது நாற்றம் இல்லை, சான்றிதழும் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை போனபோது மாமி வாந்தி எடுக்கவில்லை. பாலத்தில் கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அனிட்டா நன்றாகப் படிக்கிறாள்.

மாமி சாப்பாட்டைக் குறைத்துவிட்டார்கள். இனி வாரத்துக்கு மூன்று தடவை வர வேண்டும் என்கிறார் டாக்டர். “இருக்கறதே போதும்த்தா” என்கிறார்கள் மாமி. டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசினார். அதையெல்லாம் இதில் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அங்கே பிடித்து வைத்திருக்கிற படகையும் சேர்த்து மீட்க வேண்டும் என்று நீங்கள் வழக்கை இழுப்பதாக வக்கீல் சொன்னார். படகை விட்டுக்கொடுத்தால் உங்களைச் சீக்கிரம் விட வாய்ப்பிருக்கிறதாம். அந்தப் படகுக்காக நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். போகட்டும். கேட்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நீங்கள் மட்டும் வந்து சேருங்கள்.

வேளாங்கண்ணி மாதா உங்கள் கூடவே இருக்கட்டும். தான் நன்றாக இருப்பதாக எழுதச் சொல்லி மாமி காலையிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எழுதிவிட்டேன். நீங்கள் சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்
பிரெசில்லா