இடைவேளையில் வந்த சிப்ஸ்காரன்

ஜூலை 3, வியாழன்

எதிர்த்தாப்பில் பெனிட்டோவின் ஏசி பேக்கரி வந்ததிலிருந்து என் சிப்ஸ் கடைக்கு வரும் கூட்டம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதியும் அவன் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டேதான் என்னிடம் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்குகிறது. அவனுக்கும் என் வயசுதான். தலைக்கும் மீசைக்கும் மை அடித்து இளவட்டம் மாதிரி நிற்கிறான். மை உதட்டோரம் வழிந்திருப்பதை யாரும் அவனிடம் சொல்லவில்லை போல. நானும் சொல்ல மாட்டேன்.

என் பெண்டாட்டி ரெஜிஷா இன்று முடிவாகச் சொல்லிவிட்டாள். "இந்த ஓணத்துக்கும் கடை எழும்பல்லன்னா பூட்டிருவோம். எங்க அண்ணன் இரும்புக் கடையில உக்காந்து பில்லு போடுங்க."

மச்சான் கடையில் பில்லா? ஆணி விற்கும்போதே சிரிக்காத மனுஷன். அவர் முகத்தை ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டு உட்காரணுமா நான்?

ஜூலை 8, செவ்வாய்

விளம்பரம் பிடிக்கும் சுதன் வந்தான். நாகர்கோவில் தியேட்டர் ஒன்றில், ஓணம் வரைக்கும் இடைவேளைதோறும் நம் கடை வருமாம். "நீங்களே நடிச்சிருங்க அண்ணாச்சி. ஒங்க மொகத்துல ஒரு இது இருக்கு."

என்ன இது என்று கேட்டிருக்கணும். கேட்கவில்லை. கண்ணாடி பார்க்கப் போய்விட்டேன்.

ஜூலை 14, திங்கள்

படப்பிடிப்பு. ரோட்டைப் பார்த்து நிற்கும் அடுப்பும் சிப்ஸ் வறுக்கும் உருளியும் சுதன் கண்ணுக்கு ஆகவில்லை. "கரியும் பொகையும் எதுக்கு அண்ணாச்சி? பின்னால தள்ளுங்க. தியேட்டர்ல பாத்த கடையும் நேர்ல பாக்க கடையும் ஒண்ணு போல இருக்கணும்."

தள்ளினோம், கொல்லைப்பக்கம் வாழைத்தோப்பை ஒட்டி. வாசலில் இப்போது கண்ணாடி அலமாரி, நீல விளக்கு. "பாக்க மருந்துக்கடை போல இருக்கு" என்றாள் ரெஜிஷா. நடிக்க வேஷம் கிடைக்காத வயிற்றெரிச்சல் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

ரெஜிஷாவோடு தியேட்டருக்குப் போனேன், என்னையே பார்க்க. வாசலிலேயே முதல் அடி. அவள் பையில் வைத்திருந்த நம் கடைப் பொட்டலத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். வெளித் தீனி கூடாதாம்.

இடைவேளை விளக்கு எரிந்ததும் தியேட்டரே எழுந்து மூத்திரம் போகக் கிளம்பியது. அந்த நேரம் பார்த்து நான் வருகிறேன்! சிப்ஸைக் கடித்து, "ஆஹா" என்று மேலே பார்க்கிறேன். காலி நாற்காலிகள் என்னைப் பார்க்கின்றன. பின்வரிசையில் மிஞ்சிய ஒருத்தன், "ஏலே மக்கா, இவரு சிப்ஸ வறுக்காரா, இல்ல சிப்ஸு இவர வறுத்துதா?" என்றான். ரெஜிஷா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

எழாமல் இருந்து பார்த்த நாலைந்து குடும்பங்களுக்கும் வாய் ஊறியிருக்கும் போல. எழுந்து நேரே கேன்டீனுக்குப் போய் ஆளுக்கொரு சிப்ஸ் பாக்கெட் வாங்கின. என் சிப்ஸ் இல்லை! எந்த ஊரிலோ பாமாயிலில் வறுத்துக் காற்றடைத்தது. நான் கைக்காசு போட்டு நடிக்க, வியாபாரம் கேன்டீன்காரனுக்கு!

பசி தாங்காமல் நானும் ஒரு பாக்கெட் வாங்கினேன். முழுப் பாக்கெட்டையும் நானே தின்றேன். கோபத்தில்தான்.

ஜூலை 29, செவ்வாய்

கடையில் ஓட்டுவதற்கு ஈ கூட இல்லை. அதுவும் கேக் தின்னப் போய்விட்டது.

ஆகஸ்ட் 2, சனி

சுதனை ஃபோனில் பிடித்தேன்.

"விளம்பரம்ங்கது வெத போட்டது போல அண்ணாச்சி. மொளைக்க நாளாவும்."

"லேய், ஓணத்துக்குப் பொறவு மொளைச்சா அத எங்க நடுவேன்? எங்க மச்சான் கடை வாசல்லயா?"

வைத்துவிட்டான். பிறகு எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் சொல்ல இன்னும் நல்லதாக நாலு வார்த்தை வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நாகர்கோவில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துவிட்டு தினமும் பஸ்ஸில் வந்து நம் முக்கில் இறங்குகிற சுலைகா பீவி அக்கா இன்று குடையை ஆட்டிக்கொண்டே கடைக்குள் ஏறினார்.

"என்ன ஜான்ரோஸ், அடுப்ப அணச்சுப் போட்டியா? பஸ்ஸுல ஏறினா நான் ஒறங்கிருவேன். ஒன் எண்ண மணம் ஜன்னல் வழியா மூக்குல ஏறினாத்தான் முழிப்பு வரும். நேத்து முழிச்சது எங்க தெரியுமா? நம்ம ஊரத் தாண்டி தக்கலையில!"

"பின்னால எரியுது அக்கா."

"பின்னால எரிஞ்சா யாருக்கு மணக்கும்? வாழைத்தோப்புக்கா? நீ வறுக்கத நிறுத்தியாச்சுன்னு நெனச்சுல்லா பிள்ளையளுக்கு அந்தப் பேக்கரியில வாங்கிட்டுப் போறேன்."

"தியேட்டர்ல நான் வாறேனே, பாக்கலியா?"

"நீ அங்க எதுக்கு போற? கடையில நில்லு."

அவர் போனபிறகு உட்கார்ந்தவன் எழும்பவில்லை. ஒவ்வொரு பஸ்ஸும் என் வாசலில் நின்று மூக்கை நீட்டிவிட்டுப் போனதே, அதுவல்லவா விளம்பரம்? சல்லிக்காசு வாங்காமல் நடந்ததை நிறுத்திவிட்டு, காசு கொடுத்துக் காலி நாற்காலிக்கு ஆஹா சொல்லியிருக்கேன். சுதன் சொன்னான், சரி. அடுப்பைத் தள்ளினது யாரு? அவனா? இந்தக் கையில்லா தள்ளிச்சு! அறிவு கெட்ட கை. அதுக்கு மேல ஒரு தலை வேற.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அடுப்பை வாசலுக்கே கொண்டுவந்தோம். போகும்போது லேசாகப் போன சனியன், வரும்போது யானைக் கனம். ரெஜிஷா ஒரு பக்கம் பிடித்தாள். நீல விளக்கைக் கழற்றிக் கோழிக்கூட்டில் போட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன், உத்திராடம், ஓணத்துக்கு முந்தின நாள்

எழுத நேரமில்லை. கையெல்லாம் எண்ணெய், இந்தப் பக்கத்திலும் பட்டிருக்கிறது. வெல்லம் பூசிய சர்க்கரை வரட்டி மத்தியானமே தீர்ந்துபோனது. சுலைகா அக்கா முழிப்போடு இறங்கி மூன்று பொட்டலம் வாங்கினார்.

மச்சான் ஃபோன் செய்தார், எப்போது வேலைக்கு வருகிறேன் என்று. ரெஜிஷாதான் எடுத்தாள். "ஓணம் கழியட்டும் அண்ணே. இப்ப அவியளுக்குப் பேச நேரமில்ல." எந்த வருஷத்து ஓணம் என்று அவள் சொல்லவில்லை.

சாயங்காலம் பெனிட்டோ வந்தான். மீசையில் புது மை, மறுபடியும் உதட்டோரம் வழிந்திருந்தது. உருளிப் பக்கம் நின்று சூடாக நாலு சிப்ஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே, "ஓய், அடுத்த மாசம் தியேட்டர்ல நம்ம பேக்கரிதான். நானே நடிக்கப் போறேன். பலன் உண்டா வேய்?" என்றான்.

"ரொம்ப நல்லது வேய்" என்றேன். "மீசைய மட்டும் குளோசப்புல எடுக்கச் சொல்லும்."