இரும்பில்லாத கடிவாளம்

அன்பு மகளே,

கால் விரல்கள் அசைகின்றனவா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். அவசரம் இல்லை, மெதுவாக எழுது.

ரூனேவைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன்னைத் தள்ளிவிட்ட குதிரையை வாங்க இந்த யூட்லாந்துப் பகுதி முழுக்க ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை அதை ஏற்றிப்போக லாரி வந்தது. பக்கத்துப் பண்ணை கிரெஸ்டன் வேலியில் சாய்ந்துகொண்டு, "வாயில இரும்பு இல்லாத குதிரையும் பிரேக் இல்லாத டிராக்டரும் ஒண்ணுதான். நான் அப்பவே சொன்னேன்ல?" என்றான்.

லாரிக்காரன் இரும்புக் கடிவாளத்தோடு ரூனேவை நெருங்கினான். ரூனே பல்லை இறுக்கிக்கொண்டு தலையை உயரத் தூக்கியது. "நீங்களே பிடிங்கய்யா, நான் இன்னும் ரெண்டு இடம் போகணும்," என்றான் லாரிக்காரன்.

வாய்க்குள் இரும்பு போகாத உன் கடிவாளத்தை எடுத்து வந்தேன். நீ செய்வதுபோலவே மூக்கைச் சுற்றி வரும் வாரை விரித்து, இடுப்பு உயரத்தில் பிடித்தபடி பேசாமல் நின்றேன். ரூனே தலையைத் தாழ்த்தித் தானாகவே மூக்கை அதற்குள் நுழைத்தது.

எந்தப் புல்வெளிக்குப் போனது என்று கேட்காதே. கதவைச் சாத்துமுன் லாரிக்காரன் கடிவாளத்தைக் கழற்றி என்னிடம் தந்தான். "அங்க இது தேவைப்படாதுய்யா."

லாரியின் சாய்வுப் பலகையில் ஏறும்போது ரூனே என் தோளை முகர்ந்துகொண்டே வந்தது. வாரை நான் ஒருமுறைகூட இழுக்க வேண்டியிருக்கவில்லை.

உன் அப்பா