லூசியானா மண்ணில் படுத்திருக்கும் ராத்தாவுக்கு

பாசமுள்ள ராத்தா,

நீ மௌத்தாகி நேற்றோடு நாற்பது நாள். வீட்டில் யாசீன் ஓதி, வந்தவர்களுக்குச் சோறு போட்டு அனுப்பினோம். உன்னிடம் சொல்லவேண்டியது மட்டும் மிச்சம் இருக்கிறது.

அன்று அந்தியில் மஃரிபு தொழுதுவிட்டு எழுந்தபோது உன் மகன் யூசுப் கூப்பிட்டான். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"சின்னம்மா, ரெண்டு முழம் தோண்டுனாலே தண்ணி ஊறுது. கான்கிரீட் பெட்டிக்குள்ள வச்சாதான் அடக்க விடுவோம்னு மையவாடிக்காரங்க சொல்றாங்க. வெள்ளம் வந்தா மேல கிளம்பிடுமாம். அம்மா மண்ணுலதான் படுக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. நான் என்ன செய்யட்டும்?"

ஆறாம் வகுப்போடு நின்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஐப்பசி மழையில் நம் அத்தாவை அடக்கியபோது குழித் தண்ணீரை வாளியால் இறைத்து, மண்ணில் படுக்கவைத்து, மேலே பலகை அடுக்கியதாக அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அடி இல்லாத பெட்டி கேளுப்பா. அம்மாவை மண்ணுல படுக்கவச்சு, பெட்டியை மேல கவுத்துறச் சொல்லு. பலகைக்குப் பதிலா கான்கிரீட்டுன்னு நெனச்சுக்க."

அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். நம் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சரி என்றார். ஆனால் அடியில்லாத பெட்டி வெள்ளத்தில் நிற்குமா? நான் சொன்னதைக் கேட்டு உன்னைத் தண்ணீரில் விட்டுவிட்டார்களா? இந்தப் பயத்தில்தான், ராத்தா, உன் ஊரைப் படிக்க ஆரம்பித்தேன்.

"நீடாமங்கலம் ஜங்ஷனைத் தாண்டாதவளுக்கு அமெரிக்காவைப் பத்தி என்னடி சொல்றது? இங்கயும் வேர்க்குது, கொசு கடிக்குது, அவ்வளவுதான்" என்று கிண்டல் செய்வாய். பொய் இல்லை. மிசிசிப்பி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் உன் ஊர். நெல்லும் கரும்பும் விளைகின்றன. உனக்கு ஆவணி, புரட்டாசியில் புயல். அது ஓய்ந்ததும் எனக்குத் தொடங்கும். கரையை உயர்த்திக் கட்டியதால் வண்டல் பரவாமல் நிலம் அமிழ்ந்து கடல் உள்ளே வருகிறதாம். கோடியக்கரைப் பக்கம் உப்பு ஏறுவதைக் கேள்விப்படுகிற எனக்கு அது புரியாதா?

பிரெஞ்சுக்காரன், ஸ்பெயின்காரன், மறுபடி பிரெஞ்சுக்காரன் என்று கை மாறி, கடைசியில் அமெரிக்கா விலைக்கு வாங்கிய பூமி. காரைக்காலைப் பக்கத்தில் வைத்திருக்கிற நமக்குப் பிரெஞ்சுக்காரன் புதிதும் இல்லை.

போன வாரம் யூசுப்பிடம் கேட்டேன். "மையவாடி எந்த இடத்துலப்பா இருக்கு?"

"பழைய ஆத்தங்கரை மேட்டுல, சின்னம்மா. ஆறு வேற பக்கம் போயிருச்சு. போன புயல்லகூட அங்க தண்ணி ஏறலயாம். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கேக்குறீங்களே?"

"பதில மட்டும் சொல்லுடா."

ஆறு தானே போட்ட மேடுதான் டெல்டாவில் உயரம். நம் ஊர்களும் அப்படித்தானே உட்கார்ந்திருக்கின்றன? அன்றோடு தண்ணீர்ப் பயம் போனது.

ஆனால் அந்த மையவாடியில் நம் மார்க்கத்தவர் கபுர்கள் பத்துகூட இல்லை என்றானே, அது போகவில்லை. சொந்தமோ ஊரோ பக்கத்தில் இல்லாமல் நீ தனியாகக் கிடக்கிறாயே என்று சஜ்தாவில் நெற்றி வைத்தபடிகூட அழுதேன்.

அப்புறம் ஒன்று படித்தேன். அந்தக் காலத்தில் உன் ஊர்ப் பண்ணைகளில் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவந்தவர்களில் நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்களாம். கிப்லாவை நோக்கித் தொழுதவர்களும் இருந்தார்களாம். அவர்கள் பெயரையும் மாற்றிவிட்டார்கள். எங்கே புதைத்தார்கள் என்று காட்ட ஒரு மீஸான் கல்கூட இல்லை. அவர்களுக்கு யார் ஓதியிருப்பார்கள், ராத்தா?

நீ அங்கே தனியாக இல்லை. உனக்கு முன்னால் அதே மண்ணில் நெற்றி வைத்தவர்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். இனி வியாழன் மாலைதோறும் உனக்கு யாசீன் ஓதும்போது, பெயர் தெரியாத அவர்களுக்கும் சேர்த்தே துஆ கேட்பேன். என் உயிர் இருக்கும்வரை அது தவறாது. நீ அவர்களுக்கு என் சலாமைச் சொல்லிவிடு.

உன்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த தங்கை,
ஜைனம்பு
மன்னார்குடி