பட்டாசு கொளுத்தியவர்கள் அழுத படம்

மித்தெனிய,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்புக்குரியவருக்கு,

புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளின் துணையால் நானும் மகள் துலஞ்சியும் சுகம். உங்கள் இருமல் எப்படி? அங்கே பள்ளி அதிபர் விடுதிக் கூரை ஒழுகுகிறதென்று எழுதியிருந்தீர்களே, தகரமாவது மாற்றினார்களா?

உங்கள் வாழ்க்கைக் கதையை வைத்து எடுத்த படத்தை நேற்று நம் பள்ளி மண்டபத்தில் ஊராருக்குப் போட்டுக் காட்டினார்கள். உங்களாக நடித்தவர் பாவம், நல்ல மனிதர். கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பதுவரை உங்களைப் போலவே செய்கிறார். கட்சிக் கூட்டத்துக்காகப் பிள்ளைகளின் பாண்ட் குழுவை வெயிலில் நிறுத்த மாட்டேன் என்று நீங்கள் மறுத்ததும் அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகு வருவதெல்லாம் பச்சைப் பொய். பகலுணவு அரிசியைத் திருடினீர்களென்று பெட்டிஷன் போட்டது யாரென்று ஒரு வார்த்தை இல்லை. இடமாற்றம் ஏதோ வானத்திலிருந்து விழுந்ததுபோல் வருகிறது. உடனே ஊர்ச்சனம் பஸ்ஸுக்கு முன்னால் விழுந்து "போகாதீங்க சேர்" என்று கதறுகிறது. படத்தில் அப்படிக் கதறி நடிப்பது நம் ஊர்க்காரர்களேதான். முதல் ஆளாக விழுந்து புரளுகிறவன் பேக்கரி விமலதர்ம! நீங்கள் நிஜமாகவே பஸ் ஏறிய அன்று சந்தியில் பட்டாசு கொளுத்தினானே, அவனேதான். அவன் மனைவி அன்று பாற்சோறு ஆக்கி ஊருக்கெல்லாம் பங்கிட்டாள். வெட்கமில்லாமல் நம் வீட்டுக்கும் ஒரு தட்டு அனுப்பினாள்.

படம் முடிந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ நோனா, எங்கட சேர நினைச்சு அழுதழுது கண்ணே வீங்கிட்டுது" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அடுத்த சனிக்கிழமை படத்துக்காக ஊரில் எடுக்கும் விழாவுக்குப் பிரதம விருந்தினர் கட்சிப் பெரியவர் சிறிதுங்க. பாண்ட் கேட்டதும் அவர், பெட்டிஷன் எழுதியதும் அவர். இப்போது மேடையில் நீங்கள் அவருக்கு வெற்றிலைக் கட்டு நீட்டிக் குனிந்து கும்பிட்டு வரவேற்க வேண்டுமாம். "ஒரு வெத்திலையக் குடுக்கட்டும், அடுத்த மாசமே ஆள ஊருக்கு எடுத்துத் தாறன்" என்று சொல்லித் திரிகிறார்.

அதற்கு நீங்கள் எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு வெற்றிலைதானே, உனக்காகவும் மகளுக்காகவும் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்கிறீர்கள். எங்களைச் சாட்டி அந்த மனிதனிடம் குனியாதீர்கள். நீங்கள் குனிந்து திரும்பி வந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்காது.

நீங்கள் வர வேண்டாம். நாங்கள் வருகிறோம். இவ்வளவு நாள் வீட்டை விட்டு வரமாட்டேனென்று அடம்பிடித்தவள் நான்தான். இனி இந்த வீட்டை என் தம்பி பார்த்துக்கொள்வான். துலஞ்சி உங்கள் பள்ளியிலேயே படிக்கட்டும். கூரை ஒழுகினால் மூன்று பேரும் நனைவோம்.

சனிக்கிழமை காலை, விழாப் பந்தலைத் தாண்டித்தான் எங்கள் பஸ் போகும். விமலதர்மவிடம் விழாவுக்கென்று பட்டாசு தயாராக இருக்கும். போன முறை உங்களுக்கு மட்டும் கொளுத்தினான், இந்த முறை எனக்கும் கிடைக்கட்டும்.

நீங்கள் அங்கே பஸ் நிலையத்துக்கு வந்து நில்லுங்கள். மும்மணிகள் உங்களைக் காக்கட்டும்.

உங்கள் பாதம் வணங்கும்,
இரங்கனி